சாப்பிடாத வாய்

"எங்கே வேணாலும் பாடு. எங்கேயும் சாப்பிடாதே."

அப்பா எனக்குப் போட்ட நிபந்தனை இவ்வளவுதான். திருவள்ளூர்க் கோயிலில் பெருமாள் முன்னால் நின்று பாசுரம் சேவிக்கிற மனிதர். பெற்ற பெண் மெல்லிசைக் குழுவில் சேர்ந்து சினிமாப் பாட்டுப் பாடப்போகிறேன் என்று வந்து நின்றதும் பல நாள் என்னோடு பேசவே இல்லை. அப்புறம் ஒரு காலையில் அவராகவே கூப்பிட்டு இதைச் சொன்னார். வாயிலிருந்து வெளியே போவதில் தோஷமில்லை, உள்ளே வருவதில்தான் தோஷம் என்று எப்படியோ தமக்குள் தீர்மானம் பண்ணிக்கொண்டுவிட்டார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அதையும் மாற்றிவிடுவாரோ என்ற பயம்.

அதனால் எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பாடப்போன அத்தனை கல்யாணத்துக்கும் என்னோடு ஒரு தூக்குச்சட்டி வந்தது. உள்ளே தயிர்சாதம். மற்றவர்கள் முன்பே வடை பாயசத்தோடு பந்தியில் சாப்பிட்டிருக்க, நான் மேடைக்குப் பின்னால் போங்கோஸ் மேளத்தின் பெட்டிமேல் உட்கார்ந்து, கச்சேரி முடிந்த பிறகு அதைத் திறப்பேன். ஜாங்கிரி வாசனை மூக்கைத் துளைக்கும். எரிச்சலாக வரும். ஆனால் பாட்டா ஜாங்கிரியா என்றால் பாட்டுத்தான்.

எங்கள் குழுவின் ஆண் குரல் ஆரம்பாக்கத்துக்காரர். அவருடைய அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் நம் வட்டாரத் தமிழ், மைக் முன்னால் நின்று பாடினால் மட்டும் சுத்தமான தமிழ். எண்ணூர்ப் பக்கம் ஒரு ஃபாக்டரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்கோட்டையில் பஸ் மாறித் திருவள்ளூருக்கு ஒத்திகைக்கு வருவார். குழுவை நடத்தியவர் அக்கார்டியன் வாசிக்கும் மாஸ்டர். ஒத்திகை அவர் வீட்டுப் பின்கட்டில்தான். அவர் உள்பட எல்லாரும் பாடகரை அண்ணன் என்றார்கள். நானும் அப்படியே. குரல் நல்ல குரல், பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஜனம் அவரைத் தேடி வந்தது குரலுக்காக மட்டுமில்லை.

அது தொடங்கியதே கிடாரால். எங்கள் கிடார் பழசு, இரண்டு பாட்டுக்கு மேல் தாங்காது, சுதி இறங்கிவிடும். கிடார்க்காரர் குனிந்து முறுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் கூட்டம் எழுந்து பந்திக்குப் போய்விடக்கூடாதே என்று அண்ணன் மைக்கைப் பிடித்து ஏதாவது சொல்ல ஆரம்பித்தார். முதலில் மணமக்களுக்கு வாழ்த்து. வாழ்த்து எத்தனை நேரத்துக்கு வரும்? அப்புறம் வந்ததுதான் பேச்சு.

"சினிமாவுல கதாநாயகி மரத்தப் புடிச்சிக்கினு பாடுது. நம்ம கும்மிடிப்பூண்டில ஒரு பொண்ணு மரத்தடில நிக்கட்டும், பாப்போம். நாலு பேரு வந்து, யாரு ஊட்டுப் பொண்ணு நீ, இன்னாத்துக்கு நிக்கறேன்னு கேப்பான். பாட்டா வரும்? அழுவதான் வரும்."

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு அடங்க நேரமாகும். அதற்குள் கிடார் தயாராகியிருக்கும். ஆனால் கூட்டம், இரு, இரு, இன்னும் பேசட்டும் என்று கத்தும். கிடார்க்காரருக்கு முகம் தொங்கிப்போகும்.

ஒருமுறை ஒரு கட்சிக்காரர்கள் தங்கள் தலைவர் வரும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்க எங்களைக் கூப்பிட்டார்கள். அண்ணன் மூன்றாவது பாட்டு முடிந்ததும் ஆரம்பித்தார். "தலைவரு ஆறு மணிக்கு வர்றேன்னாரு. நம்மள நம்பி அவரு ஓட்டு கேக்கறாரு. அவர நம்பி நாம கொசுக்கடி வாங்கறோம்." அந்தக் கட்சி அப்புறம் எங்களைக் கூப்பிடவில்லை. விஷயம் கேள்விப்பட்டு எதிர்க்கட்சிக்காரர்கள் ஆசையாக வந்து கூப்பிட்டார்கள். அவர்கள் தலைவரும் தாமதமாகத்தான் வந்தார். அண்ணன் அதையேதான் சொன்னார். அவர்களும் அத்தோடு சரி.

இந்தப் பேச்சைக் கேட்டு, திருவள்ளூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சின்ன வாரப் பத்திரிகை அவரை எழுதச் சொன்னது. ரேஷன் அரிசி, ரேடியோ நாடகம், கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் தொங்கும் ஜாதிப் பட்டம், கோயில் ஒலிபெருக்கி என்று எதையும் விடவில்லை. பாட்டுப் பாடுகிறவனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டுவிட்டு அவர்களே அடுத்த வாரம் பத்திரிகை வந்ததா என்று கடையில் விசாரிப்பார்கள்.

எனக்கு ஒரே குடைச்சல். நானும் அதே பேப்பரைப் படிக்கிறேன், அதே ரேடியோவைக் கேட்கிறேன். எனக்குத் தோன்றாதது இந்த மனிதருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

அதைவிடப் பெரிய குடைச்சல் இன்னொன்று. அவரும் சாப்பிடமாட்டார். குழுவை முதலில் பந்தியில் உட்காரவைத்து அனுப்புவதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். அண்ணன் மட்டும் கச்சேரி முடியும்வரை இலைப் பக்கம் போகமாட்டார். ஒரு வாய் காபிகூடக் கிடையாது. தொண்டைக்காக என்று எல்லாரும் நினைத்தோம். ஆனால் தெருமுனைக் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவார். கடை டீ தொண்டைக்கு ஆகும், கல்யாண வீட்டுக் காபி ஆகாதா? இது என்ன கூத்து என்று எனக்குப் புரியவில்லை.

இந்த லட்சணத்தில் அவர் என் தூக்குச்சட்டியை மேடையிலேயே இழுத்துவிட்டார். பொன்னேரியில் ஒரு கல்யாணம். "இந்த அம்மா கொரலு எல்லார் காதுக்குள்ளயும் போவும். எல்லார் ஊட்டுச் சோறும் இவங்க வாய்க்குள்ள போவாது. கொரலுக்கு இல்லாத ஜாதி வாய்க்கு எப்டி வந்துச்சு, யாராச்சும் சொல்லுங்க." கூட்டம் கைதட்டியது. எனக்குக் காது மடல் எரிந்தது. அடுத்த டூயட்டில் அவர் பக்கம் நான் திரும்பவே இல்லை. அது காதல் பாட்டு, யார் பார்த்தாலும் சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டி என்றுதான் நினைத்திருப்பார்கள். இறங்கி வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க மட்டும் சாப்பிடறேளா? நானாவது அப்பாவுக்குப் பயந்துண்டு. உங்களுக்கு என்ன கேடு?"

"என்து வேற கதைம்மா" என்று சிரித்தார். "உன்து பெருமாளுக்காவ. என்து பேச்சுக்காவ."

அதற்குமேல் சொல்லவில்லை. பத்திரிகையில்தான் சொன்னார். ஒரு வாரம் அவர் பக்கத்தைப் புரட்டினால் அதே விஷயம். ஒரு வீட்டில் சாப்பிட்ட வாய் அந்த வீட்டைப் பற்றிப் பேசாது, ஆகவே பேசி முடித்த பிறகுதான் நான் இலையில் உட்காருகிறேன் என்று எழுதியிருந்தார். நாட்டில் பாதிப் பேர் வாய் திறக்காமல் இருப்பதற்கும் இதுதான் காரணம், யார் யார் எங்கே சாப்பிட்டார்கள் என்று பாருங்கள் என்றும் ஒரு குத்து.

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்பா, இதப் போயி எழுதுவியா? கச்சேரிக்குக் கூப்புடறவன் படிக்கமாட்டானா?"

"படிக்கட்டுமே. நல்லதுதான?" என்றார் அண்ணன். நன்றாக எழுதிவிட்டோம் என்ற பூரிப்பு முகத்தில் வழிந்தது. எழுதுகிறவர்களுக்கே உரிய வியாதி அது.

அவர் பேச்சு எங்கே விளைகிறது என்பதையும் அந்த நாட்களில்தான் கண்டுபிடித்தேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு கச்சேரிக்காக நாங்கள் எல்லாரும் சென்ட்ரலில் ரயில் ஏறினோம். எண்ணூரில் வேலை முடிந்து அண்ணனும் ஏறினார். எங்கள் பெட்டிக்கு வருவார் என்று பார்த்தால், கூடைக்காரிகள் ஏறும் பெட்டிக்குள் போய்விட்டார். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்குமா? அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நானும் அதற்குள் ஏறிக்கொண்டேன்.

பழவேற்காட்டு மீன்காரப் பெண்கள் காலிக் கூடைகளோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் ஈரம். அவர்களுக்கு நடுவில் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு மேடையில் சொல்லப்போவதை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுக்கு அவர்கள் சிரித்தார்கள். இன்னொன்றுக்கு ஒரு அம்மாள், "த்தூ, இது ஒரு பேச்சா? உடு" என்றாள். அவரும் விட்டுவிட்டார். அன்று மேடையில் அது வரவே இல்லை. அடப்பாவி மனுஷா, இதுதானா உன் ரகசியம் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

அந்தப் பெட்டியின் ஓரத்தில், ஜன்னலுக்குக் கீழே, கையில் முழங்கை வரை கட்டுப்போட்ட ஒரு பெண் இருந்தாள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றிக்கொண்டு திரும்புகிறாள். அவளும் ஆரம்பாக்கத்துக்காரி, அண்ணனுக்குத் தெரிந்தவள். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஓர் அரிசி மில்லில் வேலை. இப்போது வரிசையாகக் கம்பெனிகள் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அன்றைக்கு நெல் காயும் களம்தான் கண்ணுக்கு எட்டிய தூரம். நெல் அவிக்கிற தொட்டியின் குழாய் பிய்த்துக்கொண்டு கொதிநீர் கொட்டியிருக்கிறது. குழாய் ஆடுகிறது என்று முன்னமே சொல்லியும் யாரும் பார்க்கவில்லை.

"மில்லுக்காரன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து உட்டான், இல்லேன்னு சொல்லல" என்றாள் அவள். "ஆனா ஊரெல்லாம் இன்னா சொல்லிக்கினு இருக்கான் தெரியுமா? ஊட்ல கஞ்சி வடிக்கறப்ப நானே ஊத்திக்கினேனாம். என் புள்ளைங்களாண்டயே சொல்றான். கூட வேலை செய்றவளுங்க அத்தினி பேரும் பாத்தாளுங்க. ஒருத்தி வாயத் தெறக்கல. எனக்கு அவன் டப்பு வாணாம். மில்லுலதான் வெந்ததுன்னு நாலு பேரு கேக்க யாராச்சும் ஒருத்தர் சொல்லணும். அவ்ளோதான்."

அண்ணன் சொன்னார்: "அடுத்த மாசம் அவன் பொண்ணு கல்யாணம். நம்ம கச்சேரிதான். மைக்குல சொல்றேன். நீ வந்து கேளு."

அவள் நம்பினாளா என்று முகத்திலிருந்து தெரியவில்லை. கல்யாணத்தன்று வந்திருந்தாள்.

ரேஷன் கடையில் அரிசிக்கு வரிசை நின்ற காலம் அது. மில்காரர் சுற்றுப்பட்டு ஊர் அத்தனைக்கும் இலை போட்டார். மத்தியானத்திலிருந்து பந்தி நடந்தது. வெள்ளை வெளேரென்று சோறு. மில்லில் வேலை செய்த பெண்கள், அவர்கள் பிள்ளைகள், கணக்குப்பிள்ளை, ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரும் சாப்பிட்டார்கள். யாரைக் குறை சொல்வது? அந்தச் சோற்றை அப்போது பார்த்திருந்தால் தெரியும்.

நாங்கள் வாத்தியங்களை இறக்கும்போதே மில்காரர் கும்பிட்டபடி வந்தார். நல்ல சிரித்த முகம். "வா நைனா, வா. உன் பேப்பரு வாரா வாரம் படிச்சிக்கினு இருக்கேன்" என்று அண்ணன் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

உள் அறையில் இலை போட்டிருந்தது. பரிமாற நின்றது வேறு யாருமில்லை, கல்யாணப் பெண்ணேதான். கூறைப்புடவை, நகை, கையில் கரண்டி. "நீங்க பாடுனா எனக்கு உசுருண்ணா" என்றாள். "நீங்க சாப்டாதான் நான் மேடைக்குப் போவணும்னு அப்பா சொல்லிட்டாரு." அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவள் கண்ணில் அவ்வளவு சந்தோஷம்.

அண்ணன் இலையைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். வாசற்படியில் நின்ற என்னைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தார். சாம்பார், ரசம், பாயசம் என்று ஒன்று விடாமல் சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. மில்காரர் என் பக்கம் திரும்பி, "அம்மா, உங்களுக்குத் தனியா நம்ம ஐயரு சமையலு வெச்சிருக்கேன்" என்றார். வழக்கமில்லை என்று தூக்குச்சட்டியைக் காட்டினேன். சரிதான் என்று விட்டுவிட்டார். பாடுகிற பொம்பளை, சாப்பிட்டால் என்ன, சாப்பிடாவிட்டால் என்ன என்று நினைத்திருப்பார்.

கச்சேரி ஆரம்பித்தது. இரண்டு பாட்டு ஆனதும் கிடார் வழக்கம்போல் இறங்கியது. அண்ணன் மைக்கின் முன் நின்றார். வாய் திறக்கவில்லை. குனிந்து முறுக்கிக்கொண்டிருந்த கிடார்க்காரரே நிமிர்ந்து பார்த்தார். மறுபடி இரண்டு பாட்டு. மறுபடி அதே மௌனம். கூட்டத்தில் ஒருவன், "அண்ணே, பேச்சு!" என்று கத்தினான். பல பேர் சேர்ந்துகொண்டார்கள். மில்காரர் முன் வரிசை சோபாவில் கால்மேல் கால் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பந்தலுக்கு வெளியே, ஒலிபெருக்கி கட்டிய மூங்கிலுக்குக் கீழே அவள் உட்கார்ந்திருந்தாள். கட்டுப்போட்ட கை மடியில். அவள் பந்தலுக்குள் வரவில்லை, பந்தியிலும் உட்காரவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் வேர்த்து வெளிறியிருந்தது.

"நீ இந்த ஊட்ல ஒண்ணும் சாப்டல இல்ல?"

"இல்ல."

"காபி, தண்ணி?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப நீ சொல்லு."

மேடையில் பேசுவதா? நானா? பாட்டு இல்லாத நேரத்தில் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்து நிற்பதுதான் எனக்குத் தெரிந்தது. மைக் கைக்கு வந்துவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு வாய் தண்ணீர் கேட்கலாம் என்றால், அதுவும் இந்த வீட்டுத் தண்ணீர்.

"எனக்குப் பேசத் தெரியாது" என்றேன். என் குரல் ஒலிபெருக்கியில் சுதி இல்லாமல் கேட்டது எனக்கே புதிதாக இருந்தது. "அதோ வெளியிலே உக்காந்திருக்காளே, அவளுக்குக் கை வெந்துடுத்து. அவ வீட்டுலே இல்லே. இந்த மில்லுலே, தொட்டிக் குழாயிலே. குழாய் சரியில்லேன்னு முன்னமே சொல்லியிருக்கா. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த பாட்டு இன்னதென்று அறிவிக்கக்கூட வாயெடுத்தேன். அதற்குள் மைக்செட்டின் ஒயரை யாரோ பிடுங்கிவிட்டார்கள். அத்தனை ஜனமும் திரும்பி மூங்கில் கம்பத்தைப் பார்த்தது. அவள் எழுந்து நின்றாள். தலைப்பை விலக்கிக் கட்டுப்போட்ட கை வெளியே தெரியும்படி நின்றாள். மில்காரர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. கல்யாணப் பெண் தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை நினைத்து நான் பலமுறை வருத்தப்பட்டிருக்கிறேன்.

எங்களை மூட்டை கட்டச் சொன்னார்கள். ரோட்டோரம் வாத்தியங்களை இறக்கி வைத்து வேனுக்காக நின்றோம். சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பும் மில் பெண்கள் அந்த வழியாகத்தான் வந்தார்கள். அவளும் எங்களோடு நின்றிருந்தாள். ஒருத்தி கிட்டே வந்து, "மில்லுலதான், எங்களுக்குத் தெரியாதா? நான்தான உன்னத் தூக்கனேன்" என்றாள். பின்னால் வந்தவளும், "ஆமா, நாங்க அல்லாரும் பாத்தோமே" என்றாள், கொஞ்சம் உரக்கவே.

"இப்ப சொல்லுங்கடீ!" என்று அவள் சீறினாள். "இத்தினி நாளா வாய்ல பாயசமா இருந்துச்சு?" கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

அவர்கள் போனபிறகு அண்ணனிடம் கேட்டேன். "ஏன் சாப்பிட்டேள்?"

"பசிச்சுது" என்றார். "காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல. அந்தப் பொண்ணு வேற நிக்குது. ஒரு வாய் வெச்சிட்டு எழுந்திரிக்கலாம்னுதான் குந்தனேன்." அவர் தலை நிமிரவில்லை. பாவமாக இருந்தது. மேடையில் நாட்டையே கிழித்துத் தோரணம் கட்டுகிற மனிதருக்கும் பசி இருக்கும் என்பது எனக்கு அன்றுவரை தோன்றவே இல்லை.

எனக்கும்தான் பசி. போங்கோஸ் பெட்டிமேல் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் காலையிலிருந்து பட்டினி, அவன் சோறு வேண்டாம் என்று. எங்கேயும் சாப்பிடாதே என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். யாரோடு சாப்பிடாதே என்று சொல்லவில்லை. சட்டி மூடியில் பாதியை எடுத்துவைத்து நீட்டினேன். என் பக்கத்திலேயே பெட்டிமேல் உட்கார்ந்து, நல்ல கையால் ஒரு கவளம் பிசைந்து வாயில் போட்டாள்.

"இன்னாம்மா இது" என்றாள், வாய் நிறையச் சோற்றோடு. "உப்பே இல்ல."

மாஸ்டர் வெடித்துச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. என் சோற்றைத் தின்றுகொண்டே என் சோற்றைக் குறை சொல்கிறாளே! ஆனால் அம்மா அவசரத்தில் உப்புப் போட மறந்திருந்தது நிஜம். அவள் பாட்டுக்கு அடுத்த கவளத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அண்ணன் சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்தி, மென்றுகொண்டிருந்த அவள் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தார். வேன் வந்து ஹாரன் அடித்தது. அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அதற்கு அடுத்த கல்யாணம் ஆரணியில். நாங்கள் போய் இறங்கினதும் வழக்கம்போலக் குழுவைப் பந்திக்குக் கூப்பிட்டார்கள். அண்ணன் எங்கே என்று தேடினால், முதல் ஆளாய்ப் போய் இலைமுன் உட்கார்ந்திருந்தார். வயிறு முட்டச் சாப்பிட்டார். இரண்டு பாட்டு முடிந்து கிடார் சுதி இறங்கியதும் மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஊட்ல சாப்ட்டேன்" என்றார். "சாம்பாருல உப்பு கம்மி."